ஊசி தொடாத நான்கு நாட்கள்: குமரி மாவட்டக் குறிப்புகள்

ஆகஸ்ட் 30, சனிக்கிழமை – பார்வதிபுரம், நாகர்கோவில்

மருத்துவர் என் வலது மணிக்கட்டை அமுக்கிப் பார்த்துவிட்டு, "இரண்டு வாரம் ஊசியைத் தொடாதீர்கள்" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள், "குரோஷா ஊசியும் ஊசிதான்" என்று சேர்த்துக்கொண்டார். பழைய பட்டுப்புடவைகளை வெட்டிப் பை தைத்து விற்கும் எனக்கு, இரண்டு வாரம் கையைக் கட்டிக்கொண்டு கோவையில் உட்கார்ந்திருந்தால் பைத்தியம்தான் பிடிக்கும். தோழி சொன்னாள்: "எங்கள் அம்மா வீட்டில் போய் நான்கு நாள் இரு. நாகர்கோவிலில் சாப்பிடு, தூங்கு. வேறெதுவும் செய்யாதே." சரியென்று கிளம்பினேன். பழைய பித்தளை, ஓலைப்பெட்டி, கைவேலைத் துணி ஏதாவது கண்ணில் பட்டால் வாங்குவதற்காக ஒரு பையைக் காலியாகக் கொண்டுவந்ததை அவளிடம் சொல்லவில்லை.

காலையில் வாசலில் இறங்கியதும் தோழியின் அம்மா, "வாங்க மக்களே" என்றார். எனக்குப் பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். இங்கே ஒற்றை ஆளையும் அப்படித்தான் கூப்பிடுவார்களாம். நாள் முழுக்க 'மக்களே' கேட்டதில், சாயங்காலத்துக்குள் நான் ஒரு சிறு கூட்டமாகவே ஆகிவிட்டது போல இருந்தது.

காலை உணவு புட்டு, சிறுபயறு, பப்படம், இரண்டு மட்டிப்பழம். நான்கையும் ஒன்றாகப் போட்டுப் பிசைய வேண்டும் என்பது அம்மாவின் கட்டளை. பப்படத்தைத் தனியே கடித்ததற்கு ஒரு முறைப்பு கிடைத்தது. மட்டி விரல் நீளம்தான். ஆனால் உரித்ததும் அறை முழுக்க மணக்கிறது. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற பழம். இந்த ஊரில் பச்சைக் குழந்தைக்கு முதலில் ஊட்டுவது இதைத்தானாம். அதன் பிறகு மதியம்வரை தூங்கினேன். தோழியின் சொல்லைக் காப்பாற்றியது அந்த ஒரு வேளை மட்டும்தான்.

சாயங்காலம் சாரல். "சும்மா நடந்து வரலாம்" என்று அம்மா அழைத்துப் போன இடம் வடசேரி. கோவில் நகை செய்யும் ஒருவரின் பட்டறை அவருக்குப் பழக்கம். மூன்று பேர் உட்கார்ந்தால் நான்காமவர் நிற்க வேண்டிய அறை. பரதநாட்டியம் ஆடுபவர்கள் தலையில் வைக்கும் ராக்கொடி ஒன்று பாதி வேலையில் இருந்தது. வெள்ளித் தகட்டில் வடிவம் கட்டி, உள்ளே அரக்கை நிரப்பி, அதில் கெம்புக் கற்களைப் பதிக்கிறார். பிறகு கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே தங்க ரேக்கைச் சிறு கருவியால் அழுத்தி அழுத்தி இறக்குகிறார். ஒரு கல்லைச் சுற்றி முடிக்க நான் எண்ணிய நேரத்தில் ஒரு பூவைச் சங்கிலித் தையலில் முடித்திருப்பேன். ஆசையில் கையை நீட்டினேன். "பார்த்தால் போதும், தொட வேண்டாம்" என்றார். மருத்துவரும் இவரும் பேசிவைத்துக்கொண்டார்களோ என்னவோ.

முன்பு சாமிக்கும், பிறகு சாமி முன் ஆடியவர்களுக்கும் செய்த நகை; இப்போது அரங்கேற்றத்துக்கும் கல்யாணத்துக்கும் போகிறது. தாமிரத்தில் முலாம் பூசிய ராக்கொடி 1,500 ரூபாய் என்றார். வெள்ளியில் செய்ததன் விலையைச் சொன்னபோது என் பை தானாகவே மூடிக்கொண்டது. ஓரம் உடைந்து ஒதுக்கிய கெம்புக் கற்கள் ஒரு சிறு பொட்டலம், 200 ரூபாய். பைகளில் வைத்துத் தைக்கலாம். இரண்டு வாரம் கழித்து.

திரும்பும் வழியில் ரசவடை. சூடான ரசத்தில் ஊறியதை ஆறவிடாமல் வாயில் போட்டு நாக்கைச் சுட்டுக்கொண்டேன். கை போயிற்று, இப்போது நாக்கு.

ஆகஸ்ட் 31, ஞாயிற்றுக்கிழமை – தோவாளை, சுங்கான்கடை

ஐந்து மணிக்கே ஆட்டோ. போகவர 400 ரூபாய். தோவாளையில் இறங்கியதும் குடையை விரித்தது முட்டாள்தனம். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று அது. பக்கத்து முப்பந்தலில் காற்றாலைகள் வரிசை கட்டி நிற்பது இதை நம்பித்தான். குடை ஒரே நொடியில் தாமரைப்பூவாக மலர்ந்து, இரண்டு கம்பிகளை இழந்தது. பூ இறக்கிக்கொண்டிருந்த ஒரு அண்ணாச்சி, "இங்கே குடை பிடிக்கிற ஆள் வெளியூர்தான்" என்று யாரிடமோ சொன்னார்.

வருகிற வெள்ளி திருவோணம். கேரளத்து வியாபாரிகள் வண்டியோடு வந்து நிற்கிறார்கள். கேந்தி, வாடாமல்லி, சம்பங்கி, கோழிக்கொண்டை எல்லாம் மூட்டை மூட்டையாக. பிச்சிப்பூ கிலோ 700 என்றார் ஒருவர். ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன், அதே கடையில் 800. "டீ குடிக்காமல் வாங்கியிருக்க வேண்டும்" என்று சிரித்தார். நூறு கிராம் வாங்கினேன். அளந்தவர் மேலே ஒரு பிடி போட்டார்.

நான் பார்க்க வந்தது மாணிக்க மாலை. தோவாளை மாணிக்க மாலைக்கு 2025-இல்தான் புவிசார் குறியீடு கிடைத்தது. பூவைத் தொடுத்த மாலை என்று நினைத்துப் போனால் தவறு. இதில் பூவை மடிக்கிறார்கள். சிவப்பு அரளி, வெள்ளை அரளி, பச்சைக்கு நொச்சியிலை. ஒவ்வொன்றையும் தட்டையாக மடித்து, வரிசை பிசகாமல் அடுக்கிக் கட்டிக்கொண்டே போனால், ஜமுக்காளத்தில் கட்டம் போட்டது போல வடிவம் எழுகிறது. நான்கடி தள்ளி நின்று பார்த்தால் சிவப்புக் கல் இழைத்த பட்டை. நேற்று வடசேரியில் கெம்பு பதித்ததைப் பார்த்துவிட்டு வந்த கண்ணுக்கு, அதே வேலையைப் பூவில் செய்கிறார்கள் என்று பட்டது. ஒரு வித்தியாசம்: இது நாளைக்கு வாடிவிடும். திருவனந்தபுரம் பத்மநாப சுவாமிக்குப் போகும் மாலை இது.

கட்டிக்கொண்டிருந்த அக்காவிடம் ஒரே ஒரு பூவை மடித்துப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். ஊசி இல்லையே, மருத்துவர் சொல்லுக்கு உட்பட்டதுதான். முதல் பூ கிழிந்தது. இரண்டாவது கசங்கியது. மூன்றாவதை அவரே என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "கையில் என்ன கட்டு?" என்றார். சொன்னேன். தன் இடது கட்டைவிரலை நிமிர்த்திக் காட்டினார், நிமிரவில்லை. காலையில் வெந்நீரில் வைத்தால் கொஞ்சம் இளகும் என்றார். பேச்சு அத்துடன் முடிந்தது. அவருக்கு அடுத்த வரிசை இருந்தது.

மதியம் மரச்சீனிக்கிழங்கும் சாளைமீன் குழம்பும். கோவையில் நாங்கள் மரவள்ளி என்போம். பெயர் மாறியதும் சுவையும் மாறிவிட்டதா, அல்லது தேங்காயை அரைக்கும்போது அம்மா கஞ்சத்தனம் செய்யாததா, தெரியவில்லை. குழம்பு வைத்த சட்டியைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கறுத்து, வழவழத்து, விளிம்பில் ஒரு சின்ன விள்ளலுடன். "சுங்கான்கடைச் சட்டி. என் மருமகளை விட வயது கூடுதல்" என்றார் அம்மா.

உடனே போக வேண்டும் என்றேன். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் துணிச்சல் வேறு. நெடுஞ்சாலையை ஒட்டியே சட்டிபானைக் கடைகள். மழைக்காலமாதலால் காயாத பானைகளை எல்லாம் கூரைக்குள் இழுத்துப்போட்டிருந்தார்கள். வெயில் வராமல் சூளை வைக்க முடியாது என்று கடைக்காரர் வானத்தைக் குறை சொன்னார். மீன்சட்டி 180, சிறியது 120. இரண்டும் வாங்கினேன். புதுச்சட்டியைக் கஞ்சித்தண்ணீர் ஊற்றி இரண்டு மூன்று நாள் பழக்கிய பிறகே அடுப்பில் ஏற்ற வேண்டும் என்று இரண்டு முறை சொன்னார். பழக்கும் வாய்ப்பு ஒன்றுக்குத்தான் கிடைத்தது. திரும்பும் பஸ் பிரேக் போட்டதில் சிறியது மடியிலேயே இரண்டாகிவிட்டது. பக்கத்தில் இருந்த அம்மாள், "செடி வைக்கலாம்" என்றார். இரண்டு துண்டில் எப்படிச் செடி வைப்பது என்று கேட்கவில்லை.

செப்டம்பர் 1, திங்கட்கிழமை – தக்கலை, திங்கள்சந்தை

பத்மநாபபுரம் அரண்மனை திங்கட்கிழமை விடுமுறை. இது எல்லாருக்கும் தெரியும். தக்கலையில் பஸ்ஸில் இறங்கியவரிடம் வழி கேட்டேன், கையை நீட்டிக் காட்டினாரே தவிரத் திங்கட்கிழமை என்று சொல்லவில்லை. பூட்டிய கதவின் முன் நான் நின்றபோது என்னைப் போல இன்னும் ஒரு குடும்பம் நின்றது. நாங்கள் ஒருவரையொருவர் பார்க்காமல் கதவையே பார்த்தோம். எதிரே கடையில் கட்டன்சாயா குடிக்கும்போது கடைக்காரர், "திங்கட்கிழமைக்குத் திங்கள்சந்தைக்குப் போகலாமே" என்றார். கிண்டலா யோசனையா என்று புரியவில்லை. போனேன்.

சந்தையில் ஓலைச் சாமான்கள் ஒரு மூலையில் இருந்தன. பனையோலைப் பெட்டி, கடவம், சுளவு, நார்ப்பெட்டி. பிளாஸ்டிக் வாளிகளின் மலைக்குப் பக்கத்தில், அடக்கமாக. மூடியுள்ள ஒரு ஓலைப்பெட்டியை எடுத்தேன். ஓரத்தில் பனைநாரைச் சுற்றி இறுக்கியிருந்த விதம், மூடி காற்றுப் புகாமல் உட்கார்ந்த விதம், அடிப்பக்கம் ஓலை மாறிப்போகும் இடம் தெரியாமல் மறைத்த விதம், எல்லாவற்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். விற்றவர் அறுபது வயதுப் பாட்டி. 120 ரூபாய் என்றார்.

"எண்பதுக்குத் தாருங்கள் பாட்டி" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று இப்போதும் தெரியவில்லை. என்னிடம் 120 இருந்தது. சந்தையில் கேட்ட விலையைக் கொடுக்கக்கூடாது என்று என் அம்மா சின்ன வயதில் சொன்னது வாயில் ஊறியிருக்கிறது. பாட்டி கோபப்படவில்லை. "மக்களே, ஓலையைக் கிழித்துக் காயப்போட்டுத் திரும்ப நனைத்து முடைகிறதுக்கு ஒரு நாள் போகிறது" என்றார். "சரி, தொண்ணூறு கொடுங்கள்." கொடுத்தேன். பெட்டியைத் துணியில் துடைத்துத் தந்தார்.

பஸ்ஸில் வரும்போது போன மாதம் ஒரு வாடிக்கையாளர் எனக்கு எழுதியது நினைவுக்கு வந்தது. "பழைய புடவைதானே, இதற்கு 1,400 ரூபாயா?" என்று கேட்டிருந்தார். அதைத் தோழியர் குழுவில் போட்டு எல்லாரும் சேர்ந்து அவரைத் திட்டினோம். நான்தான் அதிகம் திட்டினேன்.

இரவு மின்சாரம் போயிற்று. மெழுகுவத்தி வெளிச்சத்தில் அம்மா இரும்புப் பெட்டியைத் திறந்தார். பழைய சாமான் தேடி நான் ஊர் சுற்றுவதை மூன்று நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தவர், தன் பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. உள்ளே மஸ்லின் துணிக்குள் சுற்றிய ரேந்தை. சந்தையில் முழக்கணக்கில் விற்கும் லேஸ் இல்லை. தலையணை வைத்துப் பின்னியது. கெட்டியான உருளைத் தலையணையில் மாதிரி அட்டையைக் குத்தி, அதில் உள்ள துளைகளில் குண்டூசிகளை நட்டு, நூல் சுற்றிய மரக்குச்சிகளை ஜோடி ஜோடியாக மாற்றிப் போட்டு முடைவது. அம்மாவின் தாயார் முளகுமூட்டு கன்னியாஸ்திரீகளிடம் கற்றுக்கொண்டாராம். 1897-இல் பெல்ஜியத்திலிருந்து முளகுமூட்டுக்கு வந்த மேரி லூயிஸ் டி மீஸ்டர் தொடங்கிய சபையின் மடம் அது.

இந்தக் கலை நாகர்கோவிலுக்கு அதற்கும் வெகு முன்னே வந்துவிட்டது. லண்டன் மிஷன் போதகர் சார்ல்ஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா மால்ட், 1820-களை ஒட்டித் தன்னிடம் படித்த பெண்களுக்கு இதைக் கற்றுத்தந்தார். அன்றைய திருவிதாங்கூரில் அடிமைமுறை இருந்தது. ரேந்தை விற்ற காசைக் கொடுத்துச் சில பெண்கள் தங்களை விடுவித்துக்கொண்டார்கள். 'ரேந்தை' என்ற சொல்லே போர்த்துக்கீசியர் விட்டுப்போனது. இதையெல்லாம் நான் எங்கோ படித்ததாக அம்மாவிடம் ஆர்வத்தோடு சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் மெழுகுவத்தியைக் கிட்டக் கொண்டுவந்து, "இதோ, இந்த இடத்தில் ஒரு தப்பு இருக்கிறது பார்" என்றார். பூவின் ஒரு இதழில் நூல் ஒன்று ஏறி ஒன்று இறங்காமல் இரண்டு ஏறியிருந்தது. "எனக்குப் பேறுகாலம் அப்போது. கதவைத் தட்டி என் அம்மாவிடம் ஆள் வந்து சொன்ன நேரம் அது" என்றார்.

ஒரு கை அகலமும் ஒன்றரை முழ நீளமும் உள்ள அந்தத் துண்டு முடிய மூன்று வாரத்துக்கு மேல் ஆனதாம். என்ன விலைக்குப் போகும் என்று மனம் கணக்குப் போட்டது. கேட்கவில்லை. அம்மா மஸ்லினில் சுற்றி உள்ளே வைத்து, இரண்டு கிராம்பைப் போட்டு மூடினார். பூச்சி வராமலிருக்க. கிராம்பும் இந்த மாவட்டத்து மலையில் விளைந்ததுதான்.

செப்டம்பர் 2, செவ்வாய்க்கிழமை – பத்மநாபபுரம், கோட்டாறு, ரயில்

இன்று கதவு திறந்திருந்தது.

தமிழ்நாட்டுக்குள் இருந்தாலும் கேரளத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருக்கும் அரண்மனை. 1956-இல் இந்த ஊர் இருக்கும் கல்குளம் தாலுகா தமிழகத்தோடு சேர்ந்தபோதும் இது அவர்கள் வசமே நின்றது. 1795-இல் தலைநகர் திருவனந்தபுரத்துக்குப் போகும்வரை திருவிதாங்கூரை ஆண்ட வீடு என்று சொன்னால் கேட்பவர்கள் பளிங்கையும் பொன்னையும் எதிர்பார்ப்பார்கள். மரம்தான். அதுவும் தலையைக் குனிந்து போகவேண்டிய மர வாசல்கள். வாசல் மண்டபமான பூமுகத்தின் கூரையில் 90 பூக்கள் செதுக்கியிருக்கிறார்கள், ஒன்று போல் மற்றொன்று இல்லை. கழுத்து வலிக்க முப்பத்திரண்டுவரை எண்ணினேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டமாக வந்து தள்ளியதில் கணக்கு போயிற்று.

எல்லாரும் சொல்லும் தரையைப் பார்த்தேன். சுண்ணாம்பு, சுட்ட சிரட்டைக் கரி, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெழுகியது என்கிறார்கள். அத்தனை கால்கள் மிதித்தும் என் புடவைக் கரை அதில் தெரிந்தது. மன்னரின் ஆலோசனை மண்டபமான மந்திரசாலையின் ஜன்னல்களில் கண்ணாடிக்குப் பதில் வண்ண அப்பிரகம் (மைக்கா). வெளியே எரிக்கும் வெயில் உள்ளே வரும்போது குளிர்ந்துவிடுகிறது. தாய்க்கொட்டாரத்தில் ஒற்றைப் பலாமரத்தில் செதுக்கிய தூணின் முன் வெகுநேரம் நின்றேன். யாரும் பார்க்காதபோது, இடது கையால், ஒரே ஒரு முறை தொட்டேன்.

ஆயிரம் பேர் உட்கார்ந்து உண்ணும் ஊட்டுப்புரையைப் பார்த்ததும் பசித்துவிட்டது. தக்கலையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் 110 ரூபாய்க்கு உள்ளித் தீயல், அவியல், துவரன், புளிசேரி. தீயல் கேட்டு மூன்றாம் முறை கிண்ணத்தை நீட்டியபோது பரிமாறியவர் வாளியையே மேசை மேல் வைத்துவிட்டுப் போனார். மரியாதையா கோபமா, விசாரிக்கவில்லை.

ரயிலுக்கு முன் கோட்டாறு கம்போளத்தில் ஒரு பாத்திரக் கடை. வாசலில் பழைய சாமான்கள் குவியல்: உருளி, கோளாம்பி, ஒடிந்த நிலவிளக்கு. உருக்கப் போகிறவை. நடுவில் ஒரு கிண்டி, மூக்கு வைத்த செம்பு. மூக்கு கொஞ்சம் வளைந்திருந்தது. அடியில் புள்ளி புள்ளியாகக் குத்தி ஒரு பெயரெழுத்தும் '1104' என்ற எண்ணும். எடைக் குறியா என்று கேட்டேன். கல்லாவில் இருந்த பெரியவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, "வருஷம்" என்றார். ஆயிரத்து நூறா என்று நான் விழிப்பதைப் பார்த்து ரசித்த பிறகே விளக்கினார்: கொல்லம் ஆண்டு. 824-ஐக் கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில வருஷம் வரும். 1104 என்றால் 1928-ஆம் வருடத்து ஆவணியிலிருந்து அடுத்த ஆடிவரை. அந்தக் காலத்தில் இங்கே ரூபாய்க்கு 28 சக்கரம், சக்கரத்துக்கு 16 காசு. இந்தக் கிண்டி எத்தனை சக்கரம் இருந்திருக்கும் என்று தனக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே தராசில் வைத்தார். 870 கிராம். "அறுநூற்றைம்பது."

அவர் என் பேரத்துக்காகக் காத்திருந்தது முகத்தில் தெரிந்தது. பணத்தை எண்ணி வைத்தேன். கொஞ்சம் ஏமாற்றமடைந்தார் என்றே நினைக்கிறேன்.

ரயிலில் எதிர் இருக்கையில் தூத்துக்குடிப் பக்கத்து அம்மாள் ஒருவர். என் மடியிலிருந்த ஓலைப்பெட்டிக்குள் தோழியின் அம்மா கட்டிக்கொடுத்த முந்திரிக்கொத்து இருந்தது. இரண்டை எடுத்து நீட்டினேன். தின்றுகொண்டே அவர் பெட்டியை வாங்கிப் பார்த்தார். மூடியைத் திறந்து மூடினார். அடியைத் திருப்பினார். வேலை தெரிந்த விரல்.

"நல்ல முடைச்சல். என்ன விலை கொடுத்தீர்கள்?"

"நூற்றிருபது" என்றேன்.